போகும் அளவும் வரும் அளவும்

கணவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்தான் முதலில் அவளுக்கு உறுத்தியது. "இன்னும் ஆறு டயல்தான் பாக்கி, பார்த்துட்டு வந்துடறேன்" என்று இண்டர்காமில் சொல்லிவிட்டு அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அந்தப் பக்கத்து மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. அவன் நாற்காலியை நகர்த்துவது கேட்டது. ஒரு கொட்டாவிகூடக் கேட்டது. பதில் மட்டும் இல்லை. நான்கு விநாடி கழித்து "சரி, மெதுவா வா" என்றான். கல்யாணமான இந்தப் பத்து வருஷத்தில் அவன் ஒரு சரிக்கு நான்கு விநாடி யோசித்து அவள் பார்த்ததில்லை.

ஆபீஸில் அவளைச் சக்கரம் என்றுதான் கூப்பிடுவார்கள். சாலை அளப்பவர்கள் தள்ளிக்கொண்டு போவார்களே, நீளக் கைப்பிடியும் உருள உருள எண் ஓடும் சின்னப் பெட்டியும் வைத்த ஒற்றைச் சக்கரம், அதுதான் அவளுடைய ஆயுதம். பன்னிரண்டு வருஷம் சாலை அளந்துவிட்டு இங்கே வந்தவள். அவனுக்கு லீவர் என்று பெயர். முன்னறையில் கட்டுப்பாட்டுப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, சொன்னபோது லீவரை ஒரு படி ஏற்றி, சொன்னபோது ஒரு படி இறக்குவது அவன் வேலை. சட்டத்தில் எழுதாததைச் செய்யவே மாட்டான். வீட்டிலும் அப்படித்தான், பால் பொங்கினால்கூட யாராவது சொன்னால்தான் அடுப்பை அணைப்பான் என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

இரண்டு அறைகளுக்கும் நடுவில், தரைக்குக் கீழே நூறு மீட்டர் சுரங்கம். இந்தக் கோடியில் அவள் இருக்கும் கடையறை. நாற்பது டயல்கள், ஒரு சுவர்க்கடிகாரம், ஒரு ஸ்டூல், இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரே ஒரு கதவு. மற்ற மூன்று பக்கமும் பாறை.

அந்தச் சுரங்கத்தை அவர்கள் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். "நட்சத்திரத்துக்குப் போறதுக்கு வேகமே வேண்டாம், வழியைச் சின்னதாக்கினா போதும்" என்பார் புரொஃபசர். வருகிறவர்களுக்கெல்லாம் மேசை விரிப்பின் மேல் ஒரு டம்ளரை வைத்து, அதற்கு முன்னால் இருக்கும் துணியை மடிப்பு மடிப்பாகச் சுருக்கிக் காட்டுவார். டம்ளர் இருந்த இடத்திலேயே இருக்கும், விரிப்பின் விளிம்பு அதனிடம் வந்து சேர்ந்துவிடும். பின்பக்கத்துத் துணி இழுபட்டு நீளுவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அவள் பார்த்தாள். அளப்பதுதானே அவள் வேலை. முதல் மாதம் காலையில் போகும்போது சக்கரம் தொண்ணூற்றிரண்டு காட்டியது, மாலையில் திரும்பும்போது நூற்றெட்டு. பிறகு எழுபது, நூற்று முப்பது. பிறகு நாற்பத்தொன்று, நூற்று ஐம்பத்தொன்பது. சாலை வேலையில் ஒரு பழக்கம் உண்டு. போகும் அளவையும் வரும் அளவையும் கூட்டிப் பாதியாக்குவார்கள், இரண்டு பக்கத்துப் பிழையும் அதில் அடிபட்டுப் போகும். அதே பழக்கத்தில் இங்கேயும் பாதியாக்கினாள். எந்த நாள் கூட்டினாலும் பாதி நூறுதான். பாதுகாப்புப் படிவத்தில் அந்த ஒரு கட்டத்தைச் சேர்க்கச் சொன்னதும் அவள்தான். புரொஃபசர் துள்ளிக் குதித்தார். "போறது சைபருக்குக் கீழ போக முடியாது. அப்ப வர்றது இருநூறைத் தாண்டவே தாண்டாது. இருநூறு மீட்டர் நடந்தா காலா தேஞ்சுடும்?" அந்த நூறை நம்பித்தான் கடையறைக்குள் ஆள் போகலாம் என்று அனுமதி கொடுத்தார்கள்.

இன்று சனிக்கிழமை, அரைநாள். காலையில் ஒன்பது மீட்டரில் வந்து சேர்ந்தாள். பதினொரு மணிக்கு இன்னொரு படி ஏற்றினார்கள். முன்னறையிலிருந்து உள்ளே தள்ளிவிட்ட சோதனை வண்டி, தள்ளிய அதே நொடியில் அவள் காலடியில் வந்து முட்டியது. வண்டியின் எண்பெட்டியில் வரிசையாகச் சைபர். அவள் அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் கைதட்டல், விசில், யாரோ மேசையைத் தட்டும் சத்தம். பிறகு எல்லோரும் கொண்டாடக் கிளம்பிப் போய்விட்டார்கள். பலகைக்குக் காவலாக அவன் மட்டும் இருந்தான்.

பன்னிரண்டரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவள் டயல்களைப் பார்த்துக் குறிப்பெழுதினாள். கடையறையில் எப்போதும் ஈரச் சிமெண்டும் சூடான கம்பியும் கலந்த ஒரு வாசனை இருக்கும். இன்று அதற்கு நடுவே டீ வாசனை வந்தது, ஏலக்காய் போட்ட டீ, அவன் குடிக்கும் டீ, முகத்துக்கு நேராகக் கோப்பையை நீட்டினால் வருகிற ஆவியோடு. கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அப்பால் நூறு மீட்டர் சுரங்கம். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இண்டர்காமில் அவன் குரல் வந்தது. "ஏம்மா, ஏன் இப்படி இழுத்து இழுத்துப் பேசுற? தூக்கமா?"

அவள் கடைசியாக ஒரு டயலின் எண்ணைச் சொல்லி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. "நான் எங்க பேசினேன்?" என்று கேட்டாள். பதில் வரவில்லை. பன்னிரண்டு பத்துக்கு, "பாப்பா இன்னும் வரலயா?" என்று கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. சனிக்கிழமைகளில் பள்ளி வண்டி மகளை இங்கேயே இறக்கிவிட்டுப் போகும். மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்குப் போவார்கள். டாய்லெட் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

போகவில்லை. அவன் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருப்பது கேட்டது. பிறகு முன்னறைக் கதவு திறப்பதும், பை தரையில் விழுவதும், ஏழு வயசுக் கால்கள் ஷூவோடு தொம் தொம்மென்று ஓடுவதும் கேட்டன. "அம்மா எங்கப்பா?" "உள்ள இருக்கா, இப்ப வந்துடுவா. சத்தம் போடாம படம் வரை." அந்தக் குரல்கள் இண்டர்காமிலிருந்து மட்டும் வரவில்லை. கதவின் அடியிலிருந்தும் வந்தன.

முப்பத்தேழாவது டயலின் முள், அசையக் கூடாத முள், மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அது பின்பக்கத்து இழுப்பைக் காட்டும் டயல். அவள் குறிப்பேட்டை மூடினாள். சக்கரத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

முன்னறை எதிரிலேயே இருந்தது.

நீண்டு போகிற சுரங்கமும் வரிசை விளக்குகளும் இருக்க வேண்டிய இடத்தில், அடுத்த அறை இருப்பதைப் போல, நிலைப்படியை ஒட்டி நிலைப்படி. அவன் பலகைக்கு முன்னால் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தான். காலையில் ஷேவ் செய்யாமல் விட்ட தாடை தெரிந்தது. மகள் தரையில் குப்புறப் படுத்து வரைந்துகொண்டிருந்தாள், பின்னலில் ஒன்று அவிழ்ந்து தொங்கியது. கதவில் நின்ற அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. சைபர் என்றால் இதுதானா, இத்தனை மாதம் பாடுபட்டது வீண் போகவில்லை என்று நினைத்தபடி, சக்கரத்தை முன்னால் தள்ளிக் காலை எடுத்து வைத்தாள்.

நிலைப்படி வரவில்லை.

இன்னொரு அடி வைத்தாள். பத்து வைத்தாள். சக்கரம் உருண்டது, எண் ஓடியது. எதிரில் அவிழ்ந்த பின்னல் அதே இடத்தில், கையை நீட்டினால் பின்னிவிடலாம் என்கிற தூரத்தில். கையை நீட்டினாள். விரலில் எதுவும் படவில்லை. வேகமாக நடந்தாள், பிறகு ஓடினாள். மூச்சு வாங்கியது. "பாப்பா!" என்றாள். மகள் தலையைத் தூக்கவில்லை. சிவப்புப் பென்சிலை வைத்துவிட்டுப் பச்சையை எடுத்தாள்.

எண்பெட்டியில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

இருநூறைத் தாண்டவே தாண்டாது என்ற எண் அது. அவள் நின்றாள். திரும்பிப் பார்த்தாள். கடையறைக் கதவு வெகுதூரத்தில் தீப்பெட்டியளவு வெளிச்சமாகத் தெரிந்தது. திரும்பி ஒரு அடி வைத்தாள், ஒரே ஒரு அடிதான், கடையறைக்குள் ஸ்டூலில் இடித்துக்கொண்டு நின்றாள்.

மணி பன்னிரண்டு முப்பத்திரண்டு. பயத்தில் அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. ஓடியது ஒன்றுதான், அவன். இண்டர்காம் பொத்தானை இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"ஏங்க, என்னால வர முடியலைங்க. எவ்வளவு நடந்தாலும் வர மாட்டேங்குது. நீங்க வாங்க. உள்ள வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. பயமா இருக்கு, சீக்கிரம் வாங்க!"

திறந்த கதவு வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவன் காதைக் குடைந்துகொண்டிருந்தான். பலகை மேல் இருக்கும் ஸ்பீக்கர் சும்மா இருந்தது. அவள் மறுபடி சொன்னாள். மூன்றாம் முறையும் சொன்னாள். அவன் டீயின் கடைசி வாயைக் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தான்.

பிறகு, ஸ்பீக்கரில் ஏதோ கரகரத்தது. ஆழமான, சேறு கொதிப்பதுபோல ஒரு குரல், ஒவ்வொரு எழுத்தாக. அவன் காதை அருகில் கொண்டுபோய்க் கேட்டான். மைக்கை எடுத்தான்.

"பாப்பா வரலயான்னா கேட்ட? வந்து எவ்வளவு நேரமாச்சு. இதோ வரைஞ்சுக்கிட்டு இருக்கா."

மணி பன்னிரண்டு முப்பத்து நான்கு. அவள் அதைக் கேட்டது பன்னிரண்டு பத்துக்கு.

கூட்டவும் கழிக்கவும் தெரிந்தவளுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அங்கிருந்து இங்கே தூரம் இல்லை. இங்கிருந்து அங்கே தூரத்துக்கு அளவே இல்லை. காலுக்கும் அதே வழிதான், குரலுக்கும் அதே வழிதான், கையசைப்புக்கும் அதே வழிதான். போவது ஒன்பதாக இருந்தவரை பாதி நூறாக நின்றது. சைபர் ஆனதும் கணக்கைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லாமல் போயிற்று, வருவது தன்பாட்டுக்கு நீண்டுகொண்டே இருக்கிறது. இதைப் பாதியாக்கிக் காட்டி எல்லோரையும் தூங்கவைத்தது நான்தான் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

வாங்க என்று சொல்லியிருக்கிறாள். மூன்று முறை. அது போய்க்கொண்டிருக்கிறது. போய்ச் சேரும். அவனுக்கு இங்கே வர ஒரே ஒரு அடி போதும். திரும்பிப் போக யாராலும் முடியாது. இரண்டு பாட்டில் தண்ணீர். திங்கட்கிழமைவரை யாரும் வரமாட்டார்கள். அங்கே குழந்தை.

"வராதீங்க!" என்று அலறினாள். "வராதீங்க, பாப்பாவைப் பிடிச்சுக்குங்க, வராதீங்க, வராதீங்க!"

தொண்டை கிழிந்தது. அந்தச் சொல்லும் போனது, முதல் சொல்லுக்குப் பின்னால், அதே வழியில். முன்னால் போனதைத் தாண்டி எதை அனுப்புவது? காகிதத்தில் எழுதிக் கதவுக்கு நேரே பிடித்தாள். வெளிச்சமும் அந்த வழியில்தானே போக வேண்டும் என்று நினைவு வந்து கீழே போட்டாள். சுவரோரமாக முன்னறைவரை போகும் குழாயில் தண்ணீர் பாட்டிலால் அடித்தாள். சோதனை வண்டியைத் தூக்கி அவனைப் பார்த்து எறிந்தாள். அது அவன் தோளுக்கு நேராகப் போனது, போய்க்கொண்டே சிறுத்தது, தெரியாமல் போனது.

பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. பார்க்கலாம், அவ்வளவுதான்.

பன்னிரண்டு ஐம்பது. அவன் மகளின் பின்னலைப் பின்னிவிட்டான், எப்போதும்போலக் கோணலாக. ஒரு மணி. "பசிக்குதுப்பா." "அம்மா வரட்டும்." அவள் நிலைப்படியில் உட்கார்ந்து, கூப்பிடு தூரத்தில் கூப்பிட முடியாமல், அந்த ஸ்பீக்கரையே பார்த்தாள். கெட்டுப் போயேன் என்று அதை வேண்டிக்கொண்டாள். ஒயர் அறுந்து போயேன். ஒன்று ஐந்து. அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்று எட்டு.

ஸ்பீக்கர் கரகரத்தது.

அவளுடைய குரல்தான். ஆனால் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவன் சட்டென்று எழுந்தான். காதை வைத்துக் கேட்டான். முகம் வெளுத்தது.

"என்னது? பயப்படாத. இதோ வர்றேன், இதோ வந்துட்டேன்."

"வராதீங்க" என்றாள், கிசுகிசுப்பாக, பழக்கத்தில்.

அவன் ஓடி வரவில்லை. பலகையை ஆளில்லாமல் விடுவதென்றால் பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதினான். நேரம், காரணம், கையெழுத்து. புரொஃபசருக்குப் போன் போட்டான், மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டான். இத்தனை வருஷம் எந்தப் பொறுமையைச் சொல்லி அவனைக் கேலி செய்தாளோ, அதைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மெதுவா. இன்னும் மெதுவா. முதலுதவிப் பெட்டியைத் தேடுங்க. ஷூ லேஸைக் கட்டுங்க. இரண்டாவது சொல் வந்துகொண்டிருக்கிறது, வந்துவிடும்.

அவன் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தான்.

"அம்மா அழுறாங்களாப்பா?"

"நீ இங்கயே உட்காரு. அப்பா போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"நான் போறேன்."

"பாப்பா, நில்லு."

நிற்கவில்லை. பச்சைப் பென்சில் கையிலேயே இருந்தது. வலது காலை எடுத்து வைத்தாள், வைத்த கால் கடையறைச் சிமெண்டில் பட்டது. மெத்தென்று, சூடாக, பள்ளி வாசனையோடு அம்மாவின் மடியில் வந்து விழுந்தாள்.

"அம்மா! இவ்வளவு கிட்டயா இருந்தீங்க?"

அவள் மகளை இறுக்கிக்கொண்டாள். எதிரில் அவன் ஒரு லேஸைக் கட்டியும் கட்டாமலும் பாய்ந்து வந்தான், நிலைப்படியில் காலைத் தூக்கினான். ஸ்பீக்கர் கரகரத்தது. அந்தக் குரல். வராதீங்க. பாப்பாவைப் பிடிச்சுக்குங்க. வராதீங்க.

தூக்கிய கால் அப்படியே நின்றது. மெதுவாக, இருந்த இடத்திலேயே வைத்தான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான். அவளைப் பார்க்கவில்லை, அவள் இருந்த இடத்தைப் பார்த்தான். அவனுக்கு அங்கே இருட்டுதான் தெரிந்திருக்கும்.

"பாப்பா உள்ள வந்துட்டாளே" என்றான். குரல் உடைந்தது. "பாப்பா... கேக்குதா? நான் என்ன செய்யட்டும்? யாராவது சொல்லுங்க."

அப்போதுதான் அவளுக்கு லீவர் ஞாபகம் வந்தது. அதை இறக்கினால் போதும். முப்பத்தேழாவது டயலைப் படிக்கத் தெரிந்தவளுக்கு அது தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒரு படியாக இறக்கினால் பின்பக்கத்துத் துணி மெதுவாகத் திரும்பி வரும், வழி திரும்பி வரும். உள்ளே ஆள் இருக்கும்போது லீவரைத் தொடக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, அதனால் அவனாகத் தொடமாட்டான். அவள் சொன்னால் செய்வான். இத்தனை நேரம் வராதீங்க, வராதீங்க என்று கத்திக்கொண்டிருந்த வாய்க்கு இதைச் சொல்லத் தோன்றவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"அப்பா, வாங்கப்பா! ஒரே அடிதான், வாங்க!"

மகள்தான். மடியிலிருந்து எம்பி, மைக்குக்கு நேராக, சந்தோஷமாக.

அவள் மகளின் வாயைப் பொத்தினாள். சொல் போய்விட்டது.

"லீவரை இறக்குங்க!" என்று அதன் பின்னாலேயே கத்தினாள். "ஒவ்வொரு படியா இறக்குங்க. பாப்பா கூப்பிட்டா வராதீங்க. இறக்குங்க!" அதுவும் போனது. நான்கே விநாடி பின்னால். அங்கே போய்ச் சேரும்போது அந்த நான்கு எவ்வளவாக நீண்டிருக்கும் என்று டயலைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. அவள் பேச்சுக்காக அவன் நிற்பான், நின்றுவிட்டான். பிள்ளை கூப்பிட்டு அவன் ஒரு நாளும் நின்றதில்லை.

அவன் பலகைக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்து வந்து நிலைப்படியில், அவளுக்கு நேர் எதிரே போட்டான். உட்கார்ந்தான். ஸ்பீக்கரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் இங்கயேதான் இருக்கேன்" என்றான் இருட்டைப் பார்த்து. "நீங்க சொல்றது கேட்டதும் அதும்படி செய்றேன்."

கட்டாத லேஸ் தரையில் கிடந்தது. அவன் நெற்றியில் வேர்வை துளிர்ப்பது தெரிந்தது, கையை நீட்டினால் துடைத்துவிடலாம். அவள் உள்ளங்கைக்குள் மகளின் உதடுகள் அப்பா, அப்பா என்று அசைந்தன. அவள் இன்னும் இறுக்கிப் பொத்தினாள். அவன் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, எழுந்திருக்கத் தயாராக ஒரு காலை முன்னால் நீட்டி, கேட்டுக்கொண்டிருந்தான்.